நைட்டி குரூப்பில் ஒரு பத்தாம் வகுப்பு

போன வாரம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. எங்கள் வீட்டில் பரீட்சை எழுதியவர் யாரும் கிடையாது. மகன் வேலைக்குப் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. பேரன் இன்னும் எல்.கே.ஜி.யைத் தாண்டவில்லை. ஆனாலும் அன்று காலை எழுந்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காபிக்குச் சர்க்கரை போட மறந்துவிட்டு, பிறகு இரண்டு தடவை போட்டேன்.

“ரிசல்ட் யாருக்கு?” என்று கேட்டார் என் கணவர். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்தான்.

“ஒச்சம்மாளுக்கு.”

“அவ எழுதுன பரீட்சைக்கு நீ ஏன் நடுங்குற?”

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த வாரப் பத்தி.

ஒச்சம்மாளுக்கு முப்பத்தாறு வயது. உசிலம்பட்டி பக்கம். உசிலம்பட்டி ரோட்டில் இருக்கிற ஒரு தனியார் கல்லூரியில் எட்டு வருஷமாக ஹவுஸ்கீப்பிங் வேலை. அங்கே கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டர் இந்த வருஷம் ஓய்வு பெறுகிறார். முதுகுவலிக்காரர். அவர் வேலையில் பாதியை இப்போதே ஒச்சம்மாள்தான் பார்க்கிறாள். அந்த இடம் தனக்குக் கிடைக்குமா என்று ஆபீசில் கேட்டிருக்கிறாள். தாராளமாகத் தரலாம், பத்தாவது பாஸ் சர்டிபிகேட் மட்டும் கொண்டு வா என்று சொல்லிவிட்டார்கள். அவள் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்.

போன வருஷம் இதே பத்தியில் நான் ஒன்று எழுதினேன், நினைவிருக்கிறதா? ‘உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டிருந்தால், பத்தாவது எழுத ஆசைப்பட்டால், எனக்குச் சொல்லுங்கள்... வாட்ஸ்அப்பிலேயே படிக்க வைத்துவிடலாம்’ என்று. எவ்வளவு நம்பிக்கை பாருங்கள்! ‘படிக்க வைத்துவிடலாம்’ — ஏதோ குக்கரில் அரிசி வைப்பது போல.

நீங்களும் சளைக்கவில்லை. அனுப்பி வைத்தீர்கள். வீட்டு வேலைக்கு வருகிறவர், கடைப் பெண், டிரைவர் என்று இருபத்துமூன்று பேர் சேர்ந்தார்கள். ஒச்சம்மாளைச் சேர்த்துவிட்டது அந்தக் கல்லூரியில் பாடம் எடுக்கும் ஒரு வாசகி.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் நான் ஃபர்ஸ்ட் ரேங்க். ஒன்றாம் வகுப்பு முதல் கடைசி வரை. இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. நோயாளி, டாக்டரிடம் தன் பழைய வியாதியைச் சொல்வதில்லையா? அதுபோலத்தான்.

ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கியவள் ஒரு குரூப் தொடங்கினால் எப்படி இருக்கும்? அச்சு அசல் பள்ளிக்கூடம் மாதிரியே இருக்கும். டைம் டேபிள் போட்டேன். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வகுப்பு, தவறாமல் வர வேண்டும் என்றேன். ஏழு மணிக்கு யார் வீட்டில் யார் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்? அடுப்படியில் நிற்கிற நேரம் அது. அதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. பக்கம் பக்கமாக டைப் செய்து அனுப்பினேன். குரூப்புக்கு ஒரு பெயரும் வைத்தேன் — ‘பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதோர் பயிற்சிக் குழு’. தமிழ் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று நானே பாராட்டிக்கொண்டேன்.

முதல் இரண்டு வாரம் எனக்கு ஒரே எரிச்சல். பாடம் பற்றி ஒருவரும் பேசவில்லை. விடிந்தால் போதும், குட் மார்னிங் படங்கள் வந்து குவியும். ரோஜாப்பூ, முருகன், ஆவி பறக்கும் டீ கிளாஸ், மறுபடியும் ரோஜாப்பூ. என் அல்ஜிப்ரா எல்லாம் அந்தப் பூக்களுக்கு அடியில் புதைந்து போனது.

பொறுத்துப் பார்த்தேன். பிறகு செட்டிங்ஸில் போய், அட்மின் மட்டும்தான் மெசேஜ் போடலாம் என்று பூட்டு போட்டேன். சந்தேகம் இருந்தால் தனியாகக் கேளுங்கள் என்று எழுதினேன்.

அதோடு ரோஜாப்பூ நின்றது. குரூப் நிசப்தம். “இப்பதான் கிளாஸ் கிளாஸ் மாதிரி இருக்கு” என்று கணவரிடம் சொன்னேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஒரு வகுப்பு அமைதியாக இருந்தால் எல்லோருக்கும் புரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் யாருக்குமே புரியாமல் இருக்க வேண்டும் என்றார். நான் கண்டுகொள்ளவில்லை.

அப்புறம் கணக்கில் ஒரு டெஸ்ட் வைத்தேன். இருபத்தைந்து மார்க். வீட்டிலேயே எழுதி, போட்டோ எடுத்து, எனக்குத் தனியாக அனுப்பச் சொன்னேன். இருபது பேர் அனுப்பினார்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன். திருத்தி முடித்ததும் என்ன செய்தேன் தெரியுமா? மார்க் லிஸ்ட் போட்டேன். குரூப்பில். ஒன்றிலிருந்து இருபது வரை வரிசையாக. முதல் மூன்று பேருக்குக் கைதட்டும் பொம்மை. கீழே ஒரு வரி — ‘மற்றவர்கள் முயற்சி செய்யவும்’.

முதலிடம், தெற்கு மாசி வீதிப் பக்கம் வீட்டிலேயே நைட்டி வியாபாரம் செய்யும் லலிதாபாய். இருபத்தொரு மார்க். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் ஒரு மொழி, பள்ளிக்கூடத்தில் வேறு மொழி என்று ஆறு வயதில் மிரண்டு போனவர். நாற்பத்தெட்டு வயதில் இப்போது வெளுத்துக் கட்டுகிறார். இருபதாவது இடம் ஒச்சம்மாள். மூன்று.

இதில் என்ன தப்பு என்று உங்களில் சிலர் கேட்கலாம். எனக்கும் அன்று ஒரு தப்பும் தெரியவில்லை. நாம் படித்த பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் இதுதானே வழக்கம்?

மறுநாள் காலை பார்த்தேன். நான்கு பேர் குரூப்பை விட்டுப் போயிருந்தார்கள். சாயங்காலம் இன்னும் மூன்று பேர். அந்த வாரம் முடிவதற்குள் பதினோரு பேர். யாரும் காரணம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? பேச முடியாதபடி நான்தான் பூட்டி வைத்திருக்கிறேனே. போனவர்களில் ஒச்சம்மாள் இருந்தாள். ஆச்சரியம் என்னவென்றால், லலிதாபாயும் இருந்தார். ஃபர்ஸ்ட் மார்க் வாங்கியவர் ஏன் போக வேண்டும்? எனக்குப் பிடிபடவே இல்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. ‘இதுதான் இவர்கள் பிரச்சினை, விடாமுயற்சி கிடையாது’ என்று இந்தப் பத்திக்காக ஒரு கட்டுரையே எழுத ஆரம்பித்துவிட்டேன். பாதியில் கரண்ட் போனது. நல்லவேளை.

தனித்தேர்வர்கள் விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்களாவது அடுத்த வருஷம் எழுதலாம். ஒச்சம்மாளுக்கு அப்படி இல்லை. இந்த வருஷம் விட்டால் அந்த லேப் வேலை வேறு யாருக்காவது போய்விடும். போன் அடித்தால் எடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ் ஏறினேன். வழி முழுக்க மனதுக்குள் ஒரு சொற்பொழிவைத் தயார் செய்துகொண்டே போனேன். விடாமுயற்சி பற்றித்தான்.

கல்லூரியில் விசாரித்தால் லேபில் இருப்பதாகச் சொன்னார்கள். போனேன். மெலிந்த உடம்பு, யூனிஃபார்ம் புடவை, மேலே ஒரு பழைய கோட்டு. பெரிய கண்ணாடிக் குடுவையில் தண்ணீரை வைத்துக்கொண்டு, அதில் ஆசிட்டை ஒரு கண்ணாடிக் குச்சி வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்கிக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னதும் கை நின்றது. முகம் மாறியது.

“இம்புட்டுத் தூரம் பஸ்ஸுலயா வந்தீங்க மேடம்? உக்காருங்க, இத முடிச்சுட்டு வாரேன்” என்றாள்.

பேச்சை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், ஏன் இப்படி மெதுவாகச் செய்கிறாய், ஆசிட் பாட்டிலிலேயே தண்ணீரை ஊற்றிவிட்டால் சீக்கிரம் முடியுமே என்று கேட்டேன். அவள் பதறிப் போனாள். அப்படி ஊற்றினால் ஆசிட் கொதித்துப் பொங்கி முகத்தில் அடிக்கும், தண்ணீரில்தான் ஆசிட்டை விட வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக என்று எனக்கு விளக்கினாள். குடுவையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். வெளியே சூடாக இருந்தது. அந்தச் சூடு ஆறினால்தான் அடுத்த சொட்டு என்றாள்.

“இது பாடத்துல வருதே ஒச்சம்மா. சயின்ஸ் புத்தகத்துல இருக்கு” என்றேன்.

“இதுவா? இது பாடமா?” என்று கேட்டாள். நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. எட்டு வருஷமாகக் கையால் செய்துகொண்டிருக்கும் வேலை, புத்தகத்தில் இருக்கும் விஷயம் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

என் சொற்பொழிவு அங்கேயே பாதி மறந்துவிட்டது. ஏன் குரூப்பை விட்டுப் போனாய் என்று மட்டும் கேட்டேன். முதலில், வீட்டில் வேலை அதிகம் என்றாள். அப்புறம், குரூப் பெயர் போன் திரையில் வரும்போதெல்லாம் மகன் சத்தம் போட்டுப் படிக்கிறான் என்றாள். ‘தேர்ச்சி பெறாதோர்’ என்று ராகம் போட்டு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை என்று தெரிந்தது. காத்திருந்தேன். கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“ஒம்போதாவதுல கணக்கு சாரு பேப்பர் குடுப்பாரு மேடம். மொத மார்க்கு மொதல்ல, அடுத்த மார்க்கு அடுத்தாப்புலன்னு பேரு சொல்லிக் கூப்புடுவாரு. அந்தக் கட்டு குறையக் குறைய, இன்னும் எத்தன பேருன்னு எண்ணிக்கிட்டே இருப்பேன். கடைசிப் பேப்பரு என்னதுன்னு கிளாஸுக்கே தெரியும். எல்லாந் திரும்பி என்னையப் பாக்கும். ஒரு நா என் பேரக் கூப்புடுறதுக்கு முன்னாடியே பையத் தூக்கிட்டு வெளிய வந்துட்டேன். அதுக்கப்புறம் போகவே இல்ல.”

கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“நீங்க போட்ட லிஸ்ட்ட விரல வச்சுத் தள்ளித் தள்ளிக் கீழ போனேன். எண்ணிக்கிட்டேதான் போனேன் மேடம். இம்புட்டு வருசம் கழிச்சும், அதே மாதிரி.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆமாம், எங்கள் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் பேப்பர் கொடுப்பார்கள். எல்லா டெஸ்ட்டிலும் முதல் பேப்பர் என்னுடையது. வாங்கியதும் எங்கே அரை மார்க் போயிற்று என்று அதற்குள் தலையை விட்டுவிடுவேன். கடைசிப் பேப்பரை எப்போது கொடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள், அந்தப் பிள்ளையின் முகம் எப்படி இருந்தது... ஒரு தடவைகூட நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. ஐம்பத்தெட்டு வயதில், ஒரு கெமிஸ்ட்ரி லேபில்தான் முதல் முறையாகப் பார்த்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். அவள் கூச்சப்பட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள். அந்தச் சமயம் பார்த்து மேஜை மேல் இருந்த அவள் போனில் மெசேஜ் வந்தது. ‘லலிதா நைட்டி கலெக்‌ஷன்ஸ்’ என்று திரையில் பெயர். அவசரமாக அதை அமுக்கப் போனவள், பதற்றத்தில் எதையோ தொட்டுவிட்டாள். வாய்ஸ் மெசேஜ் ஓட ஆரம்பித்தது. “ஒச்சு, அந்த மூணாவது கணக்கு எனக்கும் தப்பாத்தான் வருது. நீ எப்படிப் போட்டேன்னு சொல்லு, சேந்து பாப்போம்.”

லலிதாபாய் குரல்!

ஒச்சம்மாள் திருட்டு முழி முழித்தாள். அப்புறம் உண்மை வெளியே வந்தது. என் குரூப்பை விட்டுப் போனவர்கள் யாரும் படிப்பை விட்டுப் போகவில்லை. என்னை விட்டுத்தான் போயிருக்கிறார்கள். லலிதாபாயின் நைட்டி குரூப் ஒன்று சும்மா கிடந்ததாம். அதில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். யார் போனை எட்டிப் பார்த்தாலும் நைட்டி வியாபாரம் என்றுதானே நினைப்பார்கள்? லலிதாபாய் ஏன் போனார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ‘என் பேருக்குக் கீழ அம்புட்டுப் பேரு நிக்கிறாங்க, அதப் பாத்துட்டு நான் எப்படிச் சந்தோசப்படுறது’ என்று கேட்டாராம். எனக்கு ஒருநாளும் தோன்றாத கேள்வி அது.

என்னையும் அதில் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். உடனே சரி என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். “எல்லாரையுங் கேட்டுத்தான் சொல்லணும் மேடம்” என்றாள்.

மூன்று நாள் ஆனது! மூன்று நாள். வேலைக்கு இண்டர்வியூ போய்விட்டுத் தபால்காரருக்குக் காத்திருந்த காலம் ஞாபகம் வந்தது. நான்காம் நாள் சேது போன் செய்தார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். என் லிஸ்ட்டில் பதினெட்டாவது.

“தப்பா நெனைக்காதீங்க மேடம். நீங்க வரலாம். ஆனா மார்க்கு போடக் கூடாது. அட்மின் கேக்கக் கூடாது. அப்புறம் எதையும் ஈஸின்னு சொல்லக் கூடாது.”

முதல் இரண்டும் புரிந்தது. மூன்றாவது ஏன்? அவரே விளக்கினார். ஈஸி என்று ஒருவர் சொல்லிவிட்டால், அது வராதவன் வாயை மூடிக்கொள்வான். ஈஸியானதே தெரியாத முட்டாள் என்று ஆகிவிடுமே என்ற பயம். கஷ்டம் என்று சொன்னால் பயமில்லாமல் கேட்பான். இத்தனை எளிமையான விஷயத்தை... பார்த்தீர்களா, எளிமை என்று நானே சொல்கிறேன். சரி, இந்த விஷயத்தை நான் எங்கேயும் படித்ததில்லை.

உள்ளே போய்ப் பார்த்தால் அது வேறு உலகம். டைம் டேபிள் கிடையாது. அவரவர் நேரம் கிடைக்கும்போது கேட்கிறார்கள், தெரிந்தவர் நேரம் கிடைக்கும்போது சொல்கிறார்கள். எல்லாம் வாய்ஸ் மெசேஜ். ஒரு நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது. சேதுவுக்கு எழுத்துகளைப் பார்த்தால் வரி மாறி வரி ஓடும், சின்ன வயதிலிருந்தே. அதனால் படிப்பே வராது என்று ஒதுக்கி வைக்கப்பட்டவர். இப்போது ஸ்டாண்டில் ஆள் சேரும்வரை காதில் வயரை மாட்டிக்கொண்டு அத்தனையையும் கேட்டுவிடுகிறார். ஆம்பளைக்கு நைட்டி குரூப்பில் என்ன வேலை என்று அவர் மனைவி சண்டைக்கு வந்து, போனைப் பிடுங்கிக் கேட்டுப் பார்த்து, இப்போது அவரும் குரூப்பில் சேர்ந்துவிட்டார்.

காலையில் குட் மார்னிங் படம் கட்டாயம்! அதுதான் அங்கே அட்டெண்டன்ஸ். பேச விஷயம் இல்லாதவர்கள், பேசக் கூச்சப்படுகிறவர்கள், ‘நானும் இருக்கேன்’ என்று சொல்ல ஒரு ரோஜாப்பூவைப் போடுகிறார்கள். இரண்டு நாள் பூ வரவில்லை என்றால் யாராவது தனியாக ஒரு போன் போட்டு விசாரிக்கிறார்கள். நான் குப்பை என்று அள்ளிக் கொட்டியது அந்த ‘உள்ளேன் ஐயா’வைத்தான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. லலிதாபாய் கொண்டு வந்தது. ஒவ்வொருவரும் தினம் ஒன்று, தனக்குத் தெரியாததையோ தப்பாகச் செய்ததையோ சொல்ல வேண்டும். முதல் நாள் நான், சாம்பாரில் உப்பு போட மறந்துவிட்டேன் என்று சொன்னேன். ‘அது பாடத்துல சேராது மேடம்’ என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள். ஒரு நாள் முழுக்க யோசித்தேன். எனக்குத் தெரியாதது என்ன? கேட்கவே நாக்கு கூசியது. கடைசியில், மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது என்று எனக்குத் தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள்தான். அப்படித்தான் வரும் என்று சொன்னார்கள், அப்படியே போட்டேன், மார்க் கொடுத்தார்கள்.

கால் மணி நேரத்தில் சேதுவின் பதில் வந்தது. “ஆட்டோவத் திருப்பி நிறுத்தி, ரிவர்ஸ் எடுங்கக்கா. மொதல்ல போன பக்கந்தான் போகும். திருப்புனது ஒரு மைனஸு, ரிவர்ஸு ஒரு மைனஸு. அம்புட்டுத்தான்.”

அன்றைக்குத்தான் நான் மேடத்திலிருந்து அக்காவானேன்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகாது என்பார்கள். பள்ளிக்கூடத்தில் சூடு பட்டவர்களுக்கு நான் என்ன செய்தேன்? அதே அடுப்பை அலங்காரம் செய்து, செல்போனுக்குள் வைத்து, வா வா என்று கூப்பிட்டேன். ஆன்லைனில் சொல்லிக் கொடுக்கிறோம் என்று கிளம்புகிற நல்ல மனிதர்கள் பலரும் இதைத்தான் செய்கிறோம். அவர்களுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது என்றுதான் யோசிக்கிறோம். எங்கே பட்டார்கள் என்று கேட்பதில்லை. பட்டவர்களிடம் விட்டுப் பாருங்கள், எது வலிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒச்சம்மாள் விண்ணப்பம் போட்டுவிட்டாள். தை பிறந்ததும் படிப்பு சூடு பிடித்தது. கணக்கை நினைத்துத்தான் எல்லோருக்கும் நடுக்கம். ஒருநாள் அவள் ஒரு வாய்ஸ் போட்டாள். சமூக அறிவியல் புத்தகம் தடியாக இருக்கிறதே அக்கா, எங்கேயிருந்து ஆரம்பிப்பது என்று. நான் அவசரமாக எங்கேயோ கிளம்பிக்கொண்டிருந்தேன். “அது ஈஸிதான் ஒச்சம்மா, கதை மாதிரி படிச்சாப் போதும். நீ முதல்ல கணக்கை முடி” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

அதற்கப்புறம் சமூக அறிவியலில் அவள் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை. எனக்கு அது உறைக்கவும் இல்லை. பரீட்சை எழுதிவிட்டு வந்து எல்லாம் பரவாயில்லை என்றாள்.

இதோ, போன வாரம் ரிசல்ட். அவரவர் ரிசல்ட்டை அவரவர் பார்த்துக்கொள்வது, சொன்னால் கேட்டுக்கொள்வது, யாரும் யாரிடமும் கேட்கக் கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். பத்து மணி ஆனது. பத்தரை ஆனது. குரூப்பில் ஒரு சத்தமும் இல்லை. லலிதாபாய் ஐந்து பாடத்திலும் பாஸ். ஆனால் அதை அவர் மத்தியானம்தான் சொன்னார். ஒச்சம்மாள் வாய் திறக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறார்.

பதினொன்றேகாலுக்கு ஒச்சம்மாளின் குரல் வந்தது. இன்றைக்கு என்னோட தப்பு, சமூக அறிவியல், இருபத்தொன்பது என்றாள்.

முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். ஆறு மார்க். செருப்பை மாட்டிக்கொண்டே நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை காதில் கேட்டது. அவர்கள் எனக்குப் போட்ட நிபந்தனை மூன்றே மூன்று. அதைக்கூட ஒழுங்காகக் காப்பாற்ற முடியாத ஃபர்ஸ்ட் ரேங்க் நான். அவள் வேலையையே கெடுத்துவிட்டேனா?

“ஒச்சம்மா, இன்னைக்கு என்னோட தப்பும் அதுதான். ஈஸின்னு உங்கிட்ட சொன்னது நான்” என்று பேசி அனுப்பினேன்.

என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் கழித்து அவள் பதில் வந்தது.

“அதச் சொல்றீங்களே, கணக்குல நாப்பத்தொண்ணு வாங்கிருக்கேன், அதக் கேட்டீங்களாக்கா? ஒண்ணே ஒண்ணுதான போச்சு. மறு பரிச்சைக்கு எப்ப எழுதிப் போடணும்னு பாத்துச் சொல்லுங்க. ஆபீசுல போயி நிக்கப் போறேன், அதுவரைக்கும் ஆள் எடுக்காதீங்கன்னு. கையில ஆசிட்டு இருக்கு, வைக்கிறேன்.”

ஆபீசில் அதுவரை காத்திருப்பார்களா? தெரியாது. இதை எழுதும்வரை பதில் வரவில்லை. துணைத் தேர்வுக்கு அவள் விண்ணப்பித்துவிட்டாள். புத்தகத்தின் முதல் பாடத்திலேயே நேற்று ஏழு சந்தேகம் கேட்டிருக்கிறாள். கஷ்டமான பாடம்தான் என்று சொல்லிவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

ரிசல்ட் வந்த அன்று மட்டும், குரூப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சாயங்காலத்துக்குள் நான்கு தடவை எண்ணிப் பார்த்தேன். ஒருவர்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகவில்லை.